ஆவரசந் தேத்தண்ணி

வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் கடைக்குப் போனால், தேயிலைப் பக்கெட்டுகளோடு காய்ந்த மஞ்சள் பூப் பக்கெட்டும் இருக்கும். பெயர் ரணவரா. சிங்களப் பெயரென்று தள்ளிவிடாதீர்கள். அது நம்முடைய ஆவரசம்பூதான். தமிழ்நாட்டார் ஆவாரை என்பார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களுள் ஆவிரையும் ஒன்று. சங்க காலத்தில் காதல் கைகூடாமல் பனைமட்டைக் குதிரையில் மடலேறப் போன இளைஞன் சூடியதும் இந்தப் பூவைத்தான்.

அவரை, புளி எல்லாம் இந்தச் செடிக்குச் சொந்தக்காரர். காயைப் பார்த்தாலே தெரியும், தட்டையான நெற்று. மழை குறைந்த மன்னார், அம்பாந்தோட்டைப் பக்கங்களில் பற்றைபற்றையாக நிற்கும். பூவில் தேன் கிடையாது. பின்னே வண்டு ஏன் வருகிறது? மகரந்தத்துக்கு. பூவைக் கவ்விக்கொண்டு ரீங்கரித்து உலுக்கினால்தான் அதுவும் கொட்டும்!

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு ‘காது உள்ளது’ என்ற பொருளில் ஆரிகுலாட்டா என்று பெயர் வைத்தார். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல இரண்டு செதில்கள் உண்டு. பட்டை தோல் பதனிட உதவும். பூவைத் தேத்தண்ணிபோலக் குடிப்பதால் வெள்ளைக்காரர் இந்தச் செடியை ‘மாத்தறைத் தேயிலை மரம்’ என்றே எழுதிவைத்தார்கள்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழி இருக்கிறதுதான். நீரிழிவுக்கும் இது நல்லதென்பார்கள். அதை நம்பி நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். காலையில் ஒரு பிடி பூவைக் கொதிக்கவிட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள்.