சுவரை இடிக்குமுன் சுமையைப் பார்!

(வ. புதுப்பட்டியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கொத்தனார்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பஞ்சாலையில் பாடுபட்டும் வயலில் நாற்று நட்டும் நாலு காசு சேர்ந்தால், வீட்டைக் கொஞ்சம் விசாலமாக்க ஆசைப்படுகிறோம். அந்த ஆசையில் தவறில்லை. "நடுச்சுவரை எடுத்தால் கூடம் பெரிதாகும்" என்கிறோம். கடப்பாறையும் கையுமாகக் கொத்தனார் வந்துவிடுகிறார். அந்தச் சுவர் எதைச் சுமந்து நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காததன் விலை என்ன? 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில், குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. 17 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் மாற்று வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே தூண்களில் கைவைத்ததே காரணம் என்று குடியிருந்தோர் குற்றம் சாட்டினர்.

நம்மூர் வீட்டில் எப்படிக் கண்டறிவது? முதலில் ஏணி வைத்து ஏறி, கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உத்தரமோ, கைமரமோ, மச்சுக் கட்டையோ அந்தச் சுவரின்மேல் முனை ஊன்றியிருந்தால் அது சுமைதாங்கிச் சுவர். தொடாதீர்கள். மாடி வீடானால், அதற்கு நேர்மேலே இன்னொரு சுவர் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சிறு தூணையும் அலட்சியம் செய்யாதீர்கள். உத்தரத்தின் முனையைத் தாங்கவே அதைக் கட்டியிருக்கலாம். கான்கிரீட் வீட்டில் இடைச்சுவர் வெறும் தடுப்பாக இருக்கக்கூடும்; ஆனால் தூணையும் பீமையும் கொத்தவே கூடாது.

"நாலரை அங்குலச் சுவர்தானே, வெறும் தடுப்பு" என்பார்கள். நம்பாதீர்கள். பழைய ஓட்டு வீட்டில் அதுவும் கூரையைத் தாங்கி நிற்பதுண்டு. தட்டிப் பார்த்து ஓசையைக் கொண்டு தீர்மானிப்பதும் வீண். சந்தேகம் என்றால் பொறியாளரைக் கேளுங்கள். எடுத்தே தீரவேண்டுமானால், அவர் சொல்லும்படி முதலில் முட்டுக் கொடுத்து, சுமையை ஏற்கப் புது உத்தரம் வைத்து, அதன் இரு முனைக்கும் உறுதியான தாங்கல் அமைத்து, பிறகே செங்கல்லைப் பிரிக்க வேண்டும்.

தோழர்களே! இது வீட்டுக்காரர் கவலை மட்டுமல்ல. சுவர் சரிந்தால் முதலில் அகப்படுவது யார்? சம்மட்டி பிடித்த கொத்தனாரும், செங்கல் சுமக்கும் சித்தாளும்தான்!

வங்கதேசத்து ராணா பிளாசாவை மறக்கலாமா? அங்கே அனுமதியின்றி மாடிமேல் மாடி ஏற்றியிருந்தார்கள். முதல் நாளே விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தையல் தொழிலாளரையோ, கூலியைப் பிடிப்போம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று கட்டடம் விழுந்தது. 1,134 உயிர்கள் பலியாயின. சேர்ந்து நின்று மறுக்க அந்த ஆலைகளில் சங்கம் இல்லை.

ஆகவே, கடப்பாறையைக் கையில் தந்தவுடன் ஓங்காதீர்கள். "மேலே என்ன சுமை? முட்டு எங்கே?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் முட்டுக்கட்டை வந்து சேரும்!

சுமக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. அவன் சாய்ந்த பிறகே வீடு அவன் தோளில் நின்றது தெரிகிறது. சுவருக்கும் அதே கதை. சாயுமுன் பார்ப்போம், தோழர்களே!