சோம்பலா, கற்றல் குறைபாடா?

தென்னிந்திய நகரம் ஒன்றில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2012இல் வெளியான ஆய்வு, 100க்குச் சுமார் 15 பேருக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் வகுப்பில் ஆறு பிள்ளைகள்! பெங்களூரின் அல்சூரில் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அந்தக் குழப்பம்தானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புது மொழியால் வரும் தடுமாற்றம் பழகப் பழகக் குறையும். வாயால் கதையை அழகாகச் சொல்லும் பிள்ளை, தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்து ஓராண்டு ஆன பிறகும் 'படம்' என்று எழுத்துக்கூட்டத் திணறினால், மொழியைக் குறை சொல்ல முடியாது.

பரிசோதனைக்குப் போனால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். 'மக்கு' என்ற முத்திரையை அந்தப் பிள்ளை ஏற்கெனவே சுமக்கிறதே! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை அங்கீகரித்திருக்கிறது. பரிசோதிக்க நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அடிக்காதீர்கள், அழைத்துப் போங்கள்.