ஏட்டிலிருந்த மருந்தும் சோதனையில் கிடைத்த மருந்தும்



எந்தப் புதிய சங்கதியைச் சொன்னாலும், "இதை நம் முன்னோர்கள் அன்றைக்கே ஏட்டில் எழுதி வைத்துவிட்டார்கள்" என்று சொல்லி வாயை அடைக்கிற வழக்கம் நம்மவர்களுக்குள் இருந்து வருகிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதை, மலேரியா ஜுரத்துக்கு மருந்து கண்ட ஒரு சீன மாதின் வரலாற்றைக் கொண்டே யோசித்துப் பார்ப்போம்.

தூ யூயூ என்னும் அந்த அம்மையார் 1930-ல் பிறந்தவர். மருந்து சாஸ்திரம் படித்தவரே ஒழிய டாக்டர் பட்டம் பெற்றவரல்ல. வெளிநாடு சென்று படித்தவருமல்ல. வியட்நாம் யுத்த காலத்தில் பழைய மருந்துகளுக்கு மலேரியாக் கிருமி அடங்காமல் போகவே, சீன சர்க்கார் 1967-ல் புது மருந்து தேடத் தொடங்கிற்று. 1969-ல் பீகிங்கில் ஒரு ஆராய்ச்சிக் குழு இவர் பொறுப்பில் விடப்பட்டது.

அவர் பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். கிழ வைத்தியர்களை விசாரித்தார். 2000-க்கு மேற்பட்ட மருந்து முறைகளைச் சேர்த்தார். ஏட்டிலிருக்கிறதே என்று அவ்வளவையும் நம்பிவிட்டாரா? இல்லை. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து, கிருமி ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நம் பெண்கள் தலையில் சூடும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் என்னும் செடியின் சாறு, முதலில் கிருமியை 100-க்கு 68 பங்கு அடக்கிற்று. மறுபடி சோதித்தால் 12 முதல் 40 வரையில்தான்! முதல் கணக்கை மட்டும் வெளியிட்டுப் பெருமையடித்துக் கொள்ளலாமல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. ஏன் குறைந்தது என்று கேட்டார்.

சுமார் 1600 வருஷங்களுக்கு முன் கே ஹோங் என்பவர் எழுதிய நூலில், அச்செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லியிருந்தது. காய்ச்சும்படி சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அம்மையாருக்குத் தோன்றிற்று. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாற்றை இறக்கினார். 1971 அக்டோபரில் 191-வது சாறு எலிகளிடத்தும் குரங்குகளிடத்தும் முழுக்கப் பலித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன், 1972-ல் அவரும் சகாக்கள் இருவரும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் நோயாளிகள் 21 பேருக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வருஷக் கடைசியில் அதிலிருந்து பிரித்தெடுத்த உப்புப் போன்ற பொருளே ஆர்ட்டிமிசினின்.

தோழர்களே! 1977-ல் இதைப்பற்றிய கட்டுரை ஒரு சீன விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. எழுதினவர் பெயரே அதில் இல்லை. ஒரு கூட்டுக்குழு என்று மாத்திரம் போட்டிருந்தது. சொன்னவர் யார், என்ன ஜாதி, என்ன பட்டம் என்பதொன்றும் தெரியாமலே, பொருளின் ரசாயன அமைப்பு இன்னதென்பதைப் பார்த்து உலகத்தார் தாங்களும் சோதித்து ஒப்புக்கொண்டார்கள். பெயர் பின்னால்தான் வந்தது. 2015-ல் நோபெல் பரிசும் வந்தது.

இப்போது சொல்லுங்கள்: 1600 வருஷம் அந்த வரி ஏட்டில் இருந்ததே, அதனால் ஜுரம் நின்றதா? ஏட்டைப் பூசித்தவர்களுக்கு அது ஏடாகவே இருந்தது. கேள்வி கேட்டவருக்குத்தான் மருந்தாயிற்று. அதற்காக ஏட்டைப் படிக்கவே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. படியுங்கள், ஆனால் சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரியுங்கள்.

இந்தப் புது மருந்தையும் பூசிக்க வேண்டாம். தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவில் சில இடங்களிலும் கிருமி இதற்கும் எளிதில் அடங்காமலிருக்கக் கற்றுக்கொண்டு வருகிறது. ஆதலால்தான் இதைத் தனியே கொடாமல் வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. கிருமியே நாளுக்கு நாள் மாறும்போது, மனிதன் மாத்திரம் பழையதைக் கட்டிக்கொண்டு அழலாமா?