தோல் உறையும் ஓரப் பின்னலும்



வீட்டிலிருந்தபடியே ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு கைத்தொழிலைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அடையாளக் கார்டு வைத்துக்கொள்வதற்கு ஒரு சிறு தோல் உறை செய்து, அதன் ஓரத்தைத் தோல்வாரால் அழகாகப் பின்னி முடிப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கையில் இருக்கட்டும். சில அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எத்தனையோ பொருள்கள் இருக்க, அடையாளக் கார்டு உறையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் நாட்டில் அடையாளக் கார்டு முறை 1948ஆம் ஆண்டில், அவசரகாலத்தின்போது தொடங்கியது. அன்று முதல் அந்தக் கார்டு நம் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. நீலக் கார்டு வைத்திருந்தவர் வேலையில் தொடர்ந்தார். சிவப்புக் கார்டு வைத்திருந்தவர் கலங்கி நின்றார். ஆயிரக்கணக்கானோர் பிள்ளைகுட்டிகளுடன் கப்பலேறினார்கள். ஒரு சிறு கார்டின் நிறம் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றிய காலம் அது. நம் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள்.

2001ஆம் ஆண்டில் மைக்கார்டு வந்தது. அதற்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதை வளைக்கக்கூடாது; துளை போட்டுக் கயிறு கட்டக்கூடாது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் கார்டு படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு கிடக்கும். அப்பாவின் காற்சட்டைப் பையில் வியர்வையில் ஊறும். பிறப்புப் பத்திரம் தகரப் பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும். மருத்துவமனைக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், முதலில் கேட்பது அடையாளக் கார்டைத்தான். இவ்வளவு முக்கியமான பொருளுக்கு நம் கையாலேயே ஓர் உறை செய்து கொடுப்பது நல்ல தொடக்கம் அல்லவா?

மேலே செல்லுமுன் இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். தோல் வேலை என்றவுடன் முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. “நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை எதற்கு?” என்பார்கள். தோலைத் தொட்டால் தீட்டு என்ற பழைய எண்ணம் கடல் கடந்தும் நம்மோடு வந்துவிட்டது. அப்படிச் சொல்பவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கோவில் திருவிழாவில் உறுமியும் தப்பும் முழங்காமல் சாமி புறப்படுகிறதா? மிருதங்கத்தின் இரு பக்கத் தோலையும் இழுத்துப் பிடித்திருப்பது எது? தோல்வாரால் ஆன பின்னல்தான். அந்த வார் தளர்ந்தால் நாதம் இல்லை. தோலைப் பதமாக்கியும் வார் பிடித்தும் கொடுத்த கைகள் இல்லாவிட்டால் நம் இசையே இல்லை. அந்தக் கைகளைத் தாழ்வாக எண்ணுவது நன்றி மறந்த செயலாகும்.

நம் முன்னோர்கள் பலர் வட ஆற்காடு, சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்த வட ஆற்காட்டுப் பகுதியில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இருக்கின்றன. தோல் பதனிடும் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற ஊர்கள் அவை. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிடுவது அங்கே பழைய முறை. பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலை அழுகாமல் காக்கிறது. பச்சைத் தோல் இரண்டு நாளில் நாறிவிடும். பதனிட்ட தோலோ தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். இத்தகைய அறிவைத் தாழ்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதலாவதாக, தோல். புதுத் தோல் வாங்கவேண்டும் என்பதில்லை. பழைய கைப்பை, அறுந்த இடைவார், கிழிந்த பள்ளிப்பை ஆகியவற்றில் நல்ல பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அது உண்மையான தோலா என்று அறிய வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின்மேல் பூச்சுப் பூசியதுபோல் தெரிந்தால் அது செயற்கைப் பொருள். உறைக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை கனமுள்ள தோல் ஏற்றது.

இரண்டாவதாக, அளவு. மைக்கார்டின் நீளம் ஏறக்குறைய 86 மில்லிமீட்டர். அகலம் 54 மில்லிமீட்டர். ஓரப் பின்னலுக்கும் கார்டு தாராளமாக நுழைவதற்கும் இடம் விடவேண்டும். ஆகவே 100 மில்லிமீட்டர் நீளமும் 70 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் கெட்டி அட்டையில் அளவு வெட்டி, அதைத் தோலின்மேல் வைத்துக் கோடு போடுவது நல்லது. ஒரு குறுகிய பக்கம் வாயாக இருக்கும், அதைப் பின்னக்கூடாது. முன்துண்டில் அந்த வாயின் நடுவில் கட்டைவிரல் புகும் அளவுக்கு அரைவட்டமாக வெட்டிவிட்டால் கார்டை எடுப்பது எளிது. கீழ் மூலைகள் இரண்டையும் சற்றே வட்டமாக்குங்கள். கூர்மையான மூலையில் வார் சரியாக உட்காராது.

இரண்டு துண்டுகளின் உட்புறத்திலும் மூன்று பக்க ஓரங்களில் மட்டும் மெல்லிய கோடாக ரப்பர் பசை தடவி, சற்று உலரவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ரப்பர் பசை என்பது என்ன? நம் தோட்டத்துப் பால்மரம் தந்த ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான். அதைத் தடவும்போது சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும்.

மூன்றாவதாக, கீறல் போடுதல். வார் நுழைவதற்கு வட்டத் துளை வேண்டாம். சிறு கீறல் போதும். ஓரத்திலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஓரத்துக்கு இணையாக மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டின்மேல்தான் கீறல்கள் வரவேண்டும். இதற்கென்று பல் உளி என்ற கருவி கடைகளில் உண்டு. அதில் மூன்று, நான்கு பற்கள் வரிசையாக இருக்கும். மரப்பலகையின்மேல் தோலை வைத்து, பல் உளியை நேராக நிறுத்தி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் வரிசையாகக் கீறல் விழும். அடுத்த முறை, கடைசிக் கீறலில் முதல் பல்லை வைத்துத் தட்டவேண்டும். அப்போதுதான் இடைவெளி மாறாது. பல் உளி இல்லாதவர்கள் சாப்பாட்டு முள்கரண்டியை அழுத்தி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிற்றுளியால் ஒவ்வொன்றாகக் கீறலாம். ஒரு கீறலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு கீறலின் நீளம் இடைவெளி இருந்தால் போதும். மூன்று பக்கமும் சேர்த்து 27 சென்டிமீட்டர்; சுமார் 45 கீறல்கள் வரும். பிள்ளைகள் இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கட்டும்.

நான்காவதாக, வார். 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஆட்டுத் தோலிலோ கன்றுத் தோலிலோ வெட்டிய வாரைக் கடையில் வாங்கலாம். நாமே செய்யவும் வழி உண்டு. மெல்லிய தோலில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம் வெட்டுங்கள். ஆரஞ்சுப் பழத்தை அறுபடாமல் உரிப்பதுபோல், வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொண்டே உள்ளே போங்கள். அந்தச் சிறிய வட்டத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் வார் கிடைக்கும்! லேசாக நனைத்து மெல்ல இழுத்து உலரவிட்டால் சுருள் நீங்கி நேராகிவிடும்.

இனி, பின்னல். மூன்று வகைகளைச் சொல்கிறேன்.

முதல் வகை சுற்றுப் பின்னல். ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து, ஓரத்தின் மேலாக முன்னுக்குக் கொண்டுவந்து, அடுத்த கீறலில் மறுபடியும் முன்னிருந்து பின்னாக நுழைப்பது. அவ்வளவுதான். தொடக்கத்தில் வாரின் நுனியை இரு தோலுக்கும் இடையில் செருகி ஒட்டிவிட்டால் வெளியே தெரியாது. பின்னும் நீளத்தைப்போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு வார் செலவாகும். நம் உறைக்கு ஒரு மீட்டர் போதும்.

இரண்டாவது வகை ஒற்றைக் காஜாப் பின்னல். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரிந்த தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கீறலில் ஊசியை நுழைத்து இழுக்கும்போது, வாரை முழுவதும் இறுக்கிவிடாமல் ஓரத்தின்மேல் ஒரு வளையம் நிற்கும்படி விடவேண்டும். அந்த வளையத்துக்குள் ஊசியை நுழைத்து, பிறகு இறுக்கவேண்டும். இதற்கு ஐந்து முதல் ஐந்தரை மடங்கு வார் வேண்டும். அதாவது ஒன்றரை மீட்டர்.

மூன்றாவது வகை இரட்டைக் காஜாப் பின்னல். கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பணப்பைகளின் ஓரத்தில், சடை போட்டதுபோல் தெரிகிறதே, அது இதுதான். கவனமாகக் கேளுங்கள். உறையின் முன்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். இடமிருந்து வலமாக வேலை செய்யுங்கள். முதல் கீறலில் முன்னிருந்து பின்னாக நுழைத்து, பின்னால் இரண்டு சென்டிமீட்டர் வாலை விட்டுவிடுங்கள். அந்த வாலின் குறுக்காக வாரை ஓரத்தின்மேல் கொண்டுவந்து, இரண்டாவது கீறலில் முன்னிருந்து பின்னாக நுழைத்து இறுக்குங்கள். இப்போது ஓரத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி தெரியும். வாரை முன்பக்கம் கொண்டுவந்து, அந்தப் பெருக்கல் குறியின் அடியில் முன்னிருந்து பின்னாக ஊசியை நுழைத்து இழுங்கள். பிறகு மூன்றாவது கீறல். மீண்டும் பெருக்கல் குறி. மீண்டும் அதன் அடியில் ஊசி. “கீறல், குறி, கீறல், குறி” என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் கை தவறாது. இதற்கு ஏழு முதல் எட்டு மடங்கு வார் செலவாகும். சுமார் 2.2 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலைக்கு வரும்போது ஒரே கீறலில் இரண்டு அல்லது மூன்று முறை நுழைக்கவேண்டும். இல்லாவிட்டால் மூலையில் தோல் வெளியே தெரியும். வாரை ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக வைத்துப் பின்னாதீர்கள். கீறல்களில் மறுபடி மறுபடி உரசி வார் நைந்துவிடும். தீரும்போது புது வாரை ஒட்டிக்கொள்ளலாம். பழைய வாரின் நுனியில் அடிப்பக்கத்தையும், புதிய வாரின் நுனியில் மேற்பக்கத்தையும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் இணைப்புத் தடிக்காது.

இந்தச் சீவுகிற வேலைதான் கடினம் என்று கைவினை நூல்கள் சொல்லும். ஆனால் நம் தோட்டத்து மக்களுக்கா கடினம்? உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதியைக் காயப்படுத்தாமல், விடிவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களின் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பழகிய கை அல்லவா அது! அந்தக் கைக்குத் தோல் சீவுவது விளையாட்டு. அந்தத் திறமைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை என்பதால் அது திறமை இல்லை என்றாகிவிடாது.

முடிவில் வாரின் நுனியைக் கடைசிப் பின்னல்களின் அடியில் செருகி, ஒரு சொட்டுப் பசை வைத்து வெட்டிவிடுங்கள். பிறகு பின்னல் முழுவதையும் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினால் பின்னல் படிந்து சீராகும்.

நம் நாட்டின் ஈரக் காற்றில் தோலில் பூசணம் பிடிக்கும். ஆகவே பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காற்றாட வையுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் விறைத்து வெடித்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் உடனே தோலில் கைவைக்க வேண்டாம். கெட்டி அட்டையில் வரிசையாகத் துளையிட்டு, பழைய காலணிக் கயிற்றால் மூன்று பின்னல்களையும் பழகுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கைவினைப் பாடம் அப்படித்தான் தொடங்கியது. என் வகுப்பிலும் அவ்வாறே செய்கிறேன். வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறி, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரும் பிள்ளை, இரட்டைக் காஜாவை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பிறகு அதே பிள்ளை, “ஐயா, 27ஐ எட்டால் பெருக்கினால் எவ்வளவு?” என்று தானே வந்து கேட்கிறான். தனக்கு வேண்டிய கணக்கு என்று வரும்போது பிள்ளை கற்றுக்கொள்கிறான். படிப்பு வரவில்லை என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த நினைக்கும் பெற்றோர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். கைத்தொழில் படிப்புக்கு மாற்று அன்று. படிப்புக்குள் நுழைய இன்னொரு வாசல்.

இந்தத் தொழிலால் ஒரே நாளில் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. விற்க எண்ணுகிறவர்கள் தோல், வார், பசை ஆகியவற்றின் செலவோடு, தங்கள் உழைப்பு நேரத்துக்கும் ஒரு கூலியைக் கணக்கில் எழுதவேண்டும். நம் பெண்கள் தங்கள் உழைப்பை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்தப் பழக்கம் மாறவேண்டும்.

ஆனால் முதல் உறையை விற்காதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவருடைய கார்டுக்கு அதைக் கொடுங்கள். எத்தனையோ அலுவலக வாசல்களில் அந்தக் கார்டை நீட்டியபடி காத்து நின்றவர் அவர். பேரப்பிள்ளை பின்னிக் கொடுத்த உறையில் அது இருக்கட்டும்.