சின்னத்தைத் தடுத்தால் வெறுப்பு ஒழியுமா?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வெறுப்பின் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதை ஒரு ஜனநாயக நாடு தடை செய்யலாமா என்பது இன்றைய பொருள். பேச்சுரிமையில் கை வைக்காதே என்பார் ஒரு சாரார். கொலைகாரன் கொடிக்கு ஏது உரிமை என்பார் மறு சாரார். பிழைப்புத் தேடி வந்து, எண்ணிக்கையில் சிறியவர்களாக வாழும் நமக்கு இது நம் வாசற்படியைப் பற்றிய கேள்வி.

முதலில் ஜெர்மனியைப் பார்ப்போம். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்று குவித்த ஆட்சியின் கொடியில் இருந்தது அந்தக் கொக்கிச் சிலுவை. இன்று அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி நாஜிகளின் சின்னம், வணக்க முறை, முழக்கம் எதையும் பொதுவில் காட்டக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். கல்வி, கலை, ஆராய்ச்சி, செய்தி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. தன் வீட்டில் நடந்த கொலைக்கு வெட்கப்படுகிற நாடு அப்படிச் சட்டம் போட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அன்றே தடை போட்டிருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டான் என்று சிலர் சொல்கிறார்கள். தோழர்களே, தடை போட்டார்கள்! 1930இல் பிரஷ்ய மாநில அரசு நாஜிகளின் பழுப்புச் சட்டைக்குத் தடை விதித்தது. அவர்களோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அணிவகுத்தார்கள். 1932 ஏப்ரலில் அந்தச் சட்டைப் படையையே நாடு முழுவதும் தடை செய்தார்கள். ஜூனில் வேறொரு அரசு வந்தது. நாஜிகளின் தயவு வேண்டித் தடையை நீக்கியது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டான். ஆளுகிறவனுக்கு மனமில்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

இன்னொன்றும் கேளுங்கள். உடைந்த கொக்கிச் சிலுவையையும் குறுக்குக் கோடிட்ட கொக்கிச் சிலுவையையும் அச்சிட்டு, நாஜி எதிர்ப்புப் பொருள்கள் விற்ற ஒரு வியாபாரிக்கு ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று 2006இல் அபராதம் போட்டது. 2007 மார்ச்சில் உச்ச நிலை நீதிமன்றம் தலையிட்டுத்தான் அவரை விடுவித்தது. திருடனைக் கடிக்க வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடித்த கதை இது!

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1977இல், கொலை முகாம்களிலிருந்து தப்பி வந்த யூதர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற ஊரில் கொக்கிச் சிலுவையோடு ஊர்வலம் போக ஒரு நாஜிக் கூட்டம் கிளம்பியது. நீதிமன்றங்கள் பேச்சுரிமையின் பெயரால் அனுமதித்தன. கடைசியில் அவர்கள் அங்கே போகவில்லை, சிகாகோவில் கூட்டம் போட்டார்கள் என்பது வேறு. அந்த ஊர் மக்கள் பட்ட வேதனைக்கு யார் பொறுப்பு?

அதே அமெரிக்காவில் 2003இல் ஒரு தீர்ப்பு வந்தது. கறுப்பின மக்களை அச்சுறுத்தச் சிலுவையைக் கொளுத்துவது அங்குள்ள வெள்ளை வெறியர்களின் பழக்கம். மிரட்டும் நோக்கத்தோடு கொளுத்தினால் அதைக் குற்றமாக்கலாம், ஆனால் அந்த நோக்கத்தை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அண்டை வீட்டுக் கறுப்பரின் முற்றத்தில் கொளுத்துவதும், தம் ஆட்களின் வயலில் கூடிக் கொளுத்துவதும் ஒன்றல்ல. இந்தக் கோட்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, பழைய 153அ பிரிவின் வாரிசு. மதம், இனம், மொழி மட்டுமல்ல, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றின் பெயராலும் பகை வளர்ப்பது குற்றம். பேச்சு, எழுத்து மட்டுமின்றிச் சின்னங்களால் வளர்த்தாலும் குற்றமே. வெளியூர்க்காரர்களான நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது! ஆனால் வழக்கை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். பூட்டு நம் வீட்டில், சாவி ஆட்சியாளர் இடுப்பில்.

அந்தச் சாவியை எப்படித் திருப்புவார்கள் என்பதற்கு 1957 சாட்சி. சாதிக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவுகளைக் கண்டித்து அரசியல் சட்டத்தை எரிக்கப் போவதாகப் பெரியார் அறிவித்தார். தேசியச் சின்னங்களை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று சென்னை அரசு அவசரமாக ஒரு சட்டம் செய்தது. நவம்பர் 26இல் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். மதிக்க வேண்டிய சின்னம் வேறு, தடுக்க வேண்டிய சின்னம் வேறு என்று சொல்லலாம். பட்டியல் எழுதும் பேனா ஒன்றுதானே?

1960களில் இந்த நகரத்தில் தென்னாட்டவருக்கு எதிராக எழுந்த அலை நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் இடுப்பில் கட்டிய லுங்கியைத்தான் அன்று முழக்கமாக்கினார்கள். எந்த அரசின் தடைப் பட்டியலில் லுங்கி இடம்பெற்றிருக்கும்? அன்று உடுப்பி ஓட்டல்காரர்களைக் காத்திருக்கக் கூடியது சின்னத் தடை அல்ல. மிரட்டியவனை அன்றே பிடிக்கும் போலீசும், தயங்காமல் வழக்கை நடத்தும் அரசும்தான்.

எனவே நம் நிலையைச் சொல்கிறோம். குறிப்பிட்ட மக்களை மிரட்டவும் வன்முறைக்குத் தூண்டவும் சின்னத்தைக் காட்டுகிறவன் தண்டிக்கப்பட வேண்டும். சின்னங்களின் பட்டியலை நீட்டும் அதிகாரத்தை அரசிடம் தரக் கூடாது. கல்வி, கலை, செய்தி, எதிர்ப்பு, வழிபாடு ஆகியவற்றுக்குத் தெளிவான விலக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடுத்தபோது இந்து, பௌத்த, சமணரின் சுவஸ்திகாவுக்கு விலக்களித்ததே, அது நல்ல முன்மாதிரி. பாதிக்கப்பட்டவன் அரசின் அனுமதிக்குக் காத்திராமல் நீதிமன்றம் போக வழி வேண்டும்.

நம் வாசலில் நாளை எவனாவது ஒரு குறி வரைந்தால், அழிக்க வரும் முதல் கை பக்கத்து வீட்டு மராட்டியத் தோழரின் கையாக இருக்க வேண்டும். அவர் வாசலுக்கு ஆபத்து என்றால் நம் கை முந்த வேண்டும். அந்த உறவை வளர்ப்பது சங்கத்தின் வேலை, உங்கள் ஒவ்வொருவரின் வேலை என்று கூறி விடைபெறுகிறோம்.