விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டாங்களா?

தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் போய்த் துணி எடுக்கிறோம். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்றிருந்தால் வாயடைச்சுப் போயிடறோம்.

கலர் பிடிக்கலைன்னா மாற்றித் தருவது கடைக்காரர் விருப்பம். ஆனால் சேலை இழை விட்டிருந்தால், மிக்சி ஓடாவிட்டால் அப்படியில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடலைன்னா 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராததும் அப்படித்தான்.

ஆகவே பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வைப்போம். கடையில் மறுத்தால் 1915-க்குப் போன் செய்வோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தயங்குகிற சகோதரிக்குக் குழுவே துணைக்குப் போவோம்.