யந்திர விடையும் மாணாக்கர் சிந்தனையும்



2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி எனும் யந்திரம், நம் மாணாக்கர் வினவுவதற்கெல்லாம் நொடியில் விடை பகர்கின்றது. ஆயின், முன்சொற்களுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என ஊகித்தே அது வாக்கியம் தொடுக்கின்றது. மெய் பொய் ஆராய்ந்தன்று. 2023-ல் நியூயார்க் வழக்கறிஞர் இருவர், அது புனைந்த இல்லாத தீர்ப்புகளை மெய்யென நம்பிக் கோர்ட்டில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்திற்குள்ளாயினர். கற்றோர்க்கே இக்கதியெனில், நம் சிறார் கதி யாதாகும்?

ஆதலின் யந்திரத்தை விலக்கவும் வேண்டா, தொழவும் வேண்டா. மாணாக்கன் தன் விடையை முதலில் தானே எழுதுக. பின்னர் யந்திர விடையை அருகிருத்தி, பிழை எது, விடுபட்டது எது, ஆதாரம் எங்கே என மூல நூல்கொண்டு சோதிக்க. அது இன்னும் எவ்வாறு அமையின் ஏழைக்கும் உதவும் எனக் கற்பனையும் செய்க. நம் முன்னோர் பள்ளி வாயிலுக்கு ஏங்கினர். வாயில் திறந்தபின் சிந்தனையை நாம் அடகு வைக்கலாமோ?